பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் பேஸ்பால் போட்டி: எந்த மட்டை, எந்தப் பந்து, எந்த விதி?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ, எந்தப் பகுதியில் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக எட்டு அணிகள் மோதும் இரண்டு நாள் பேஸ்பால் போட்டியை நடத்த முனைந்தாலும், ஏற்பாட்டுக் குழுவின் முதல் கூட்டமே இரண்டு கேள்விகளில் சிக்கிக்கொள்ளும். இருக்கும் பணத்திற்கு எந்த மட்டையையும் எந்தப் பந்தையும் வாங்குவது என்பது ஒன்று. பெரியவர்கள் ஆடும் விதிகளை அப்படியே வைத்துக்கொள்வதா, சிறுவர்களுக்கென்று வகுக்கப்பட்ட விதிகளை எடுத்துக்கொள்வதா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே முடிவு செய்வதுதான் நான் கண்ட பெரிய தவறு. மட்டை எவ்வளவு வேகமாகப் பந்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பார்க்காமல், பந்தை வீசும் பிட்சர் நிற்கும் தூரத்தை முடிவு செய்ய முடியாது. பந்து எவ்வளவு கடினமானது என்பதைப் பார்க்காமல் கவசங்களுக்குப் பணம் ஒதுக்க முடியாது. அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரனை மனத்தில் வைத்துச் செய்யும் தேர்வும், அன்றுதான் முதன்முறையாகக் கையுறை மாட்டும் பிள்ளையை மனத்தில் வைத்துச் செய்யும் தேர்வும் பெரும்பாலும் வேறுபடும். கீழே நான் எடை போட்டிருப்பது எல்லாம் அந்த இரண்டாவது பிள்ளையை முன்னிறுத்தியே.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்த விளையாட்டு புதியதன்று. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் நம் நாட்டு அணி ஆடியது. 2006, 2009 ஆகிய ஆண்டுகளின் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டிகளிலும் களமிறங்கியது. ரேண்ட்பர்க்கில் ஒரு பேஸ்பால் கழகத்தின் வளாகத்திலேயே வளர்ந்த கிஃப்ட் இங்கோயெப்பே, 2017-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக ஆடி, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்க மண்ணின் மைந்தரானார். இருந்தும் நம் தெருக்களில் ஒரு பிள்ளை முதலில் தொடுவது கிரிக்கெட் மட்டையைத்தான். அந்தப் பழக்கம் பேஸ்பால் களத்திற்கும் கூடவே வரும். ஒரு பயிற்சி ஆட்டத்தில், முதல் அடியிலேயே பந்தைத் தரையோடு விரட்டிய ஒரு சிறுவன், மட்டையைக் கீழே போடாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டே ஓடுபவர் தொட வேண்டிய நான்கு இடங்களில் ஒன்றான முதல் பேஸை நோக்கி ஓடினான். பேஸை நெருங்கியதும் குனிந்து, மட்டையின் நுனியை நீட்டி, கோட்டைத் தாண்டித் தரையில் தேய்த்தான். கிரிக்கெட்டில் அது அழகான ஓட்டம். இங்கே அது முதல் பேஸில் காத்து நின்ற பிள்ளையின் கணுக்காலில் இடித்தது. மட்டையோடு ஓடுவது பேஸ்பால் விதிகளில் அதனளவில் அவுட் ஆகாது. ஆகவே ‘முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை அவுட்’ என்று போட்டியின் சொந்த விதியாக ஒரு வரி சேர்ப்பது நம் ஊருக்கு அவசியம் என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் ஆடுகளத்தின் அளவு. உலகெங்கும் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் வைத்திருக்கும் அளவில், பேஸ்களுக்கு இடையே 60 அடி, பிட்சரிடமிருந்து, மட்டைக்காரன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 46 அடி, ஆட்டம் 6 இன்னிங்ஸ் (இரு அணிகளும் மூன்று அவுட் வரை ஒவ்வொரு முறை மட்டை பிடிப்பது ஓர் இன்னிங்ஸ்). அதற்கு அடுத்த படியாகிய இன்டர்மீடியட் பிரிவில் பேஸ்களுக்கு இடையே 70 அடி, பிட்சர் தூரம் 50 அடி, ஆட்டம் 7 இன்னிங்ஸ். பெரியவர்களின் களத்தில் இவை 90 அடியும் 60 அடி 6 அங்குலமும் ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து 46 அடியைக் கடக்க ஏறத்தாழ 0.63 வினாடி எடுக்கும். 50 அடியைக் கடக்க 0.69 வினாடி. வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால், கிரிக்கெட்டில் இரு கிரீஸ்களுக்கும் இடையே 58 அடி இருப்பதும், அங்கே பந்து தரையில் பட்டு எழுவதால் வேகத்தை இழப்பதும் பழகிப்போன கண்ணுக்கு, காற்றிலேயே நேராக வரும் இந்தப் பந்து மிக விரைவாக வந்து சேர்ந்துவிடும்.

அப்படியானால் தூரத்தைக் கூட்டிவிடலாமே என்று கேட்கலாம். கூட்டினால் எறிபவனின் தோள் அதற்கு விலை கொடுக்கும். மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர், ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு எறிய வேண்டிய தூரம் 60 அடிக் களத்தில் ஏறத்தாழ 85 அடி. 70 அடிக் களத்தில் அதுவே 99 அடி ஆகிவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 99 அடி தூரத்திற்கு நேராக எறியும்போது உடல் முழுவதையும் வளைத்து, முழங்கையை இழுத்து எறிவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஆதலால் தொடக்கநிலைப் போட்டிக்கு 46-க்கு 60 என்ற அளவையே பரிந்துரைக்கிறேன். அணிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இரண்டு பருவம் ஆடியவர்களாக இருந்தால் மட்டும் 50-க்கு 70 பொருந்தும்.

நம் பகுதி மைதானங்களில் பெரும்பாலானவை கிரிக்கெட்டுக்கோ கால்பந்துக்கோ அமைந்தவை. நடுவில் சிமென்ட் ஆடுதளம் கிடக்கும். பேஸ்பால் ‘வைரத்தை’, அதாவது நான்கு பேஸ்களால் ஆன சதுரத்தை, மைதானத்தின் மூலையில் வரைந்து, அந்தச் சிமென்ட் உள்களத்திற்கு வெளியே போகுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் விளிம்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெளிக்களத்திலேயே அது வந்துவிட்டால் மேலே பாயை விரித்து, ஓரங்களை மண்ணால் அணைத்துவிடுவது நல்லது.

பந்தைத் தேர்வதில் பலர் செய்யும் பிழை, ‘சிறுவர் பந்து’ என்றால் சிறிய பந்து என்று எண்ணுவது. கிரிக்கெட்டில் அப்படித்தான்: பெரியவர்களின் பந்து 156 முதல் 163 கிராம் வரை; சிறுவர்களுக்கு எடை குறைந்த பந்து உண்டு. பேஸ்பாலில் அப்படியன்று. ஒன்பது வயதுப் பிள்ளையும் முப்பது வயது ஆட்டக்காரரும் வீசுவது 5 முதல் 5¼ அவுன்ஸ், அதாவது 142 முதல் 149 கிராம் வரை எடையும், 9 முதல் 9¼ அங்குலம் சுற்றளவும் கொண்ட அதே பந்தைத்தான். மாறுவது உள்ளீடு மட்டும். வழக்கமான பந்தின் நடுவில் தக்கையும் ரப்பரும், அவற்றைச் சுற்றி இறுக்கிய நூலும் இருக்கும். காயக் குறைப்புப் பந்துகளில் உள்ளே மென்மையான செயற்கைப் பொருள் இருக்கும். மென்மையைப் பொறுத்து அவை 1, 5, 10 என்று படி பிரிக்கப்படுகின்றன. 1 மிக மென்மையானது, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு. 10 ஏறக்குறைய வழக்கமான பந்தைப் போன்றதே.

எட்டு முதல் பத்து வயது வரை என்றால் 5-ஆம் படிப் பந்தைத் தயங்காமல் எடுக்கலாம். பதினொன்று, பன்னிரண்டு வயதினருக்குத்தான் கேள்வி எழுகிறது. கடினப் பந்தின் பக்கம் உள்ள நியாயம், மாகாண அளவில் ஆடப் போகும் பிள்ளைகள் அதற்குப் பழக வேண்டும் என்பது. மென்மையான பந்தின் பக்கம் உள்ள நியாயம், பயம் இல்லாத பிள்ளை பந்தின் முன்னால் நின்று பிடிக்கக் கற்றுக்கொள்வான் என்பது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையுறையை மட்டும் நீட்டும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதை உதறப் பல மாதங்கள் ஆகும். முதல் ஆண்டுப் போட்டிக்கு 5-ஆம் படியையும், அடுத்த ஆண்டு 10-ஆம் படியையும் வைப்பதே என் விருப்பம். எந்தப் பந்தாக இருந்தாலும் தோல் உறை கொண்டதை ஆட்டத்திற்கும், செயற்கை உறை கொண்டதைப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டர்பனின் கோடை மழையில் நனைந்த தோல் பந்து கனத்துப் போகும். கனத்த பந்தை வீசும் கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

மட்டைதான் பணத்தை விழுங்கும். மரம், அலுமினியம், கலப்புப் பொருள் என்று மூன்று வகை. மரமட்டைக்கு எந்த முத்திரைச் சிக்கலும் இல்லை. ஆனால் 30 அங்குல மரமட்டை வழக்கமாகக் கூடுதல் எடை கொண்டது, மெலிந்த கைகளுக்கு அது சுமை, தவறாகப் பட்டால் முறிந்தும் போகும். அலுமினியத்தில் அதே நீளத்துக்கு 20 அவுன்ஸ், அதாவது 567 கிராம் அளவிலேயே கிடைக்கும். அங்குலத்தில் நீளத்திலிருந்து அவுன்ஸில் எடையைக் கழித்தால் வருவதைக் கடைக்காரர்கள் ‘டிராப்’ என்பார்கள். இந்த மட்டை டிராப் 10. கலப்புப் பொருள் மட்டை அதிர்வைக் கைக்குக் கடத்தாது, பந்தையும் நன்றாகத் தள்ளும். ஆனால் விலை மிக அதிகம், குளிரில் அடித்தால் விரிசல் விடும். டர்பனில் குளிர் ஒரு பொருட்டல்ல. லெனேசியாவிலோ லாடியத்திலோ குளிர்காலக் காலையில் பயிற்சி செய்பவர்கள் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொருளைவிட முக்கியம் மட்டையின் மேல் இருக்கும் முத்திரை. அமெரிக்காவின் தேசிய பேஸ்பால் அமைப்பான ‘யுஎஸ்ஏ பேஸ்பால்’ முத்திரை பெற்ற மட்டைகள், மரமட்டைக்கு நெருக்கமான வேகத்தில் பந்தை அனுப்பும்படி கட்டுப்படுத்தப்பட்டவை. 2018 ஜனவரி 1 முதல் லிட்டில் லீக் சிறுவர் பிரிவுகளில் மரமல்லாத மட்டைகளுக்கு இந்த முத்திரை கட்டாயம். மற்றோர் அமெரிக்க விளையாட்டு அமைப்பின் ‘யுஎஸ்எஸ்எஸ்ஏ 1.15’ என்று குறித்த மட்டைகள் வேறு தரத்தைச் சேர்ந்தவை; அவற்றில் பட்ட பந்து இன்னும் சீறிப் பாயும். பார்வையாளர்களுக்கு அது உற்சாகம்தான். ஆனால் 46 அடி தூரத்தில், வீசி முடித்து ஒரு காலில் சாய்ந்த நிலையில், கையுறையை இன்னும் உயர்த்தாமல் நிற்கும் பிட்சரை நோக்கி அந்தப் பந்து திரும்பி வரும்போது அவனுக்கு இருக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். இந்த ஒன்றில் நான் எந்தச் சமரசத்திற்கும் உடன்பட மாட்டேன்: யுஎஸ்எஸ்எஸ்ஏ மட்டை களத்திற்குள் வரக் கூடாது. வெளிநாட்டு உறவினர்கள் பயணப் பெட்டியில் அன்போடு கொண்டுவந்து கொடுக்கும் மட்டைகளில் பெரும் குழப்பம் இங்கேதான் நேர்கிறது. ஆகவே விதித்தாளில் முத்திரையின் படத்தையே அச்சிட்டுவிடுங்கள்.

அணிகள் தத்தம் மட்டையைக் கொண்டுவருவதா, போட்டிக்கென்று பொதுவான மட்டைகளை வைப்பதா என்பதும் ஆலோசிக்க வேண்டியதே. சொந்த மட்டை கைக்குப் பழகியிருக்கும் என்பது உண்மை. ஆயினும் ஒரு முனையில் நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு விலையுயர்ந்த மட்டை, மறுமுனையில் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து நெளிந்த ஒரே மட்டை என்று இரண்டு அணிகள் எதிரெதிரே நிற்பதைப் பார்த்த பிறகு, நான் பொது மட்டையின் பக்கம் வந்துவிட்டேன். 28, 29, 30, 31 அங்குலங்களில் ஒற்றைத் துண்டு அலுமினிய மட்டைகள் நான்கை ஹோம் பிளேட்டின் பின்னால் சாய்த்து வைத்தால் இரு அணிகளுக்கும் அதுவே போதும். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் முன்பு நடுவர் மட்டையின் உடலைக் கையால் தடவி நெளிவையும், காதருகே வைத்து ஆட்டி உள்ளே எதுவும் உருள்கிறதா என்பதையும், பிடியின் சுற்றுத் தளர்ந்துள்ளதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கவசங்களில் பேரம் வேண்டாம். மட்டை பிடிப்பவனும் பேஸ்களில் ஓடுபவனும் இரு காதுகளையும் மூடும், விளையாட்டுக் கவசங்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான என்.ஓ.சி.எஸ்.ஏ.இ.-யின் முத்திரை கொண்ட ஹெல்மெட்டை அணிய வேண்டும். வீட்டில் இருக்கும் கிரிக்கெட் ஹெல்மெட் போதாதா என்று பெற்றோர் கேட்பது இயல்பு; அது வேறு பந்துக்காக, வேறு தரத்தின்படி சோதிக்கப்பட்டது, ஆகவே போதாது. கிரிக்கெட் கால்பட்டையும் கேட்சருக்கு உதவாது, ஏனெனில் அவன் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும், பாதத்தின் மேற்புறமும் மூடியிருக்க வேண்டும். கிரிக்கெட் பையிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளக்கூடியது இடுப்புக்குக் கீழே அணியும் ‘பாக்ஸ்’ ஒன்றே. கேட்சரின் முகக்கவசத்தில் தொண்டைக்குத் தொங்கும் காப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உலோக முள் காலணியைத் தடை செய்துவிடலாம்.

நெஞ்சில் படும் பந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு நொடித் துளியில் நெஞ்சின் மேல் விழும் அடி, எலும்பு முறியாமலேயே இதயத்தின் ஓட்டத்தைக் குலைத்துவிடக்கூடும். மிக அரிதென்றாலும், மார்புக்கூடு இன்னும் இளகியிருக்கும் சிறுவர்களிடமே இது கூடுதலாக நேர்கிறது. மென்மையான பந்து அபாயத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. மைதானத்திற்கு அருகில் இதய அதிர்வுக் கருவி எங்கே இருக்கிறது, அந்த அறையின் சாவி யாரிடம் என்பதை முதல் ஆட்டத்திற்கு முன்பே குழுவில் ஒருவர் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கையுறைகளைப் பொதுவாக வாங்கும்போது இடக்கைப் பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். இடக்கையால் எறிபவனுக்கு வலக்கையில் மாட்டும் கையுறை வேண்டும். அணிக்கு ஒன்றேனும் இருக்கட்டும். அளவு 10½ முதல் 11½ அங்குலம் போதும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் தோல் கையுறையைப் பையில் மூடி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் விரித்து உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் தோல் வெடித்துவிடும்.

இனி விதிகள். ஓட்டக்காரன் பேஸை விட்டு முன்கூட்டியே நகரலாமா என்பது முதல் சர்ச்சை. பெரியவர்களின் விதியில் நகரலாம். லிட்டில் லீகின் 60 அடிக் களத்தில், வீசிய பந்து மட்டைக்காரனைச் சென்றடையும் வரை காலை எடுக்கக் கூடாது. நகர அனுமதித்தால் ஓட்டக்காரனை ஏமாற்றும் பிட்சரின் முறையற்ற அசைவைத் தண்டிக்கும் ‘பால்க்’ விதியும் கூடவே வந்துவிடும். அதைத் தவறின்றிச் சொல்லத் தேர்ந்த நடுவர்கள் வேண்டும். நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் பெற்றோர்களும் அண்ணன்மார்களும். ஆகவே நகரத் தடையே சரி.

மட்டை வரிசையில், ஒன்பது பேர் மட்டும் ஆடுவது ஒரு முறை. வந்திருக்கும் பன்னிரண்டு பேரும் முறைவைத்து மட்டை பிடிப்பது மற்றொரு முறை. இரண்டாவதை எடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரணியின் ஆறு அவுட்கள் தொடர்ச்சியாக விழும் வரையாவது களத்தில் இடம் என்ற லிட்டில் லீக் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோங்காட்டிலிருந்து விடியற்காலையில் காரில் வந்து, நாள் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பும் பிள்ளை அடுத்த ஆண்டு வர மாட்டான். ஒரு இன்னிங்ஸில் ஐந்து ஓட்டங்களுக்கு மேல் இல்லை என்ற வரம்பும், நான்கு இன்னிங்ஸுக்குப் பின் பத்து ஓட்டம் முன்னிலை என்றால் ஆட்டம் முடிந்தது என்பதும், 75 நிமிடத்திற்குப் பின் புதிய இன்னிங்ஸ் தொடங்காது என்பதும் எட்டு அணிகளை இரண்டு நாளில் முடிக்க உதவும். இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்திற்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். வயதைக் கணக்கிடும் நாளைப் பொறுத்தவரை, லிட்டில் லீக் வழக்கமான ஆகஸ்ட் 31-ஐ விட்டுவிட்டு, நம் பள்ளி ஆண்டோடு பொருந்தும் ஜனவரி 1-ஐ வைத்துக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும். ஈஸ்டர் வார இறுதியைத் தொடவே வேண்டாம். பாதிக் குடும்பங்கள் இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில்களில் இருக்கும்.

இவை எதற்குமே பணம் கிட்டாத பகுதிகளுக்கு ‘பேஸ்பால் 5’ என்ற வடிவம் இருக்கிறது. மட்டையும் கையுறையும் இல்லை. ஒரு ரப்பர் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், ஆணும் பெண்ணும் கலந்து, 13 மீட்டர் இடைவெளியில் பேஸ்கள், ஐந்து இன்னிங்ஸ். டக்கார் 2026 இளையோர் ஒலிம்பிக்கின் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. பெரிய போட்டி நடக்கும் அதே நாளில், மைதானத்தின் ஓரத்தில் தம்பி தங்கைகளுக்கு இதை நடத்தலாம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமானது: ஒரு பிட்சர் எவ்வளவு வீசலாம்? இன்னிங்ஸ் கணக்கில் வரம்பு வைப்பது எளிது. லிட்டில் லீக்கும் நெடுநாள் அப்படித்தான் வைத்திருந்தது. 2007-இல் அதைக் கைவிட்டு, வீச்சுகளை எண்ணும் முறைக்கு மாறியது. காரணம் எளியது: ஒரு இன்னிங்ஸ் எட்டு வீச்சில் முடியலாம், நாற்பது வீச்சுக்கும் நீளலாம், தோளுக்குத் தெரிவது வீச்சுதான். அதன்படி 9, 10 வயதினருக்கு ஒரு நாளில் 75, 11, 12 வயதினருக்கு 85 வீச்சுகள் உச்சவரம்பு. பதினான்கு வயது வரை, 20 வீச்சு வரை வீசியவனுக்கு ஓய்வு நாள் தேவையில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், 66-க்கு மேல் நான்கு நாள். 41 அல்லது அதற்கு மேல் வீசியவன் அன்று கேட்சராக நிற்கக் கூடாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவன் அன்று வீசக் கூடாது.

இன்னிங்ஸ் கணக்கு வைத்த ஒரு போட்டியில் சில ஆண்டுகளுக்கு முன் நான் துணைப் பயிற்சியாளராக இருந்தேன். விதிப்படி ஒரு தவறும் நடக்கவில்லை. எங்கள் அணியின் பையன் ஒரே நாளில் மூன்று ஆட்டங்களில் வீசினான். ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட இன்னிங்ஸ் மட்டுமே. மாலையில் தேநீர் கொடுத்தபோது இடக்கையை நீட்டினான். “கை வலிக்கிறதா தம்பி?” என்று கேட்டேன். “இல்லை அங்கிள், சும்மாதான்” என்றான். வலக்கை மடியில் கிடந்தது. குவளையை மாற்றிப் பிடிக்கக்கூட அது எழவில்லை. யாரும் எண்ணாததால் அவன் எத்தனை வீசினான் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்குண்டு.

நம் போட்டிக்கு 85 என்பதே அதிகம் என்று கருதுகிறேன், ஏனெனில் நம் பிள்ளைகளின் தோள் ஆண்டு முழுவதும் இதற்குப் பழகியதன்று. நாளுக்கு 50, ஒரு நாளில் ஒரே ஆட்டம் என்று வையுங்கள். இன்னிங்ஸுக்குச் சராசரியாக 18 வீச்சு என்று கொண்டால், சனிக்கிழமை, நேர வரம்பால் நான்கு இன்னிங்ஸோடு நின்றுவிடும் இரண்டு ஆட்டங்களுக்கு ஓர் அணிக்கு 144 வீச்சு தேவைப்படும். ஞாயிற்றுக்கிழமைக்கு, முந்தின நாள் 20-க்குள் நிறுத்தியவர்களும் வீசாதவர்களுமே மிஞ்சுவர். எனவே ஒவ்வோர் அணியும் ஐந்தாறு பேரை வீசப் பழக்கியாக வேண்டும். பயிற்சியாளர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டால், வீச வாய்ப்பே கிடைத்திராத பிள்ளைகளுக்கும் பயிற்சியில் பந்து கைக்கு வரும். எண்ணுவதற்கு இரு அணியிலிருந்தும் ஒருவர், ஆளுக்கொரு கைஎண்ணி; ஒவ்வொரு அரை இன்னிங்ஸின் முடிவிலும் இருவரும் எண்ணை ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். வேறுபட்டால் கூடுதலான எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை அந்தத் தாளை மைதான வாசலில் ஒட்டிவிட்டால், மறுநாள் யார் வீசக் கூடாது என்பதைப் பெற்றோரும் படித்துத் தெரிந்துகொள்வார்கள்.